பூனைக்கு ஏன் எப்பவும் நைட் ஷிஃப்ட்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பூனை வளர்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரு புகார் கண்டிப்பா வரும். பகல் முழுக்க சோபாவுல சுருண்டு கிடக்கு, நாம லைட்டை அணைச்சதும் டியூட்டிக்குக் கிளம்பிடுது. ஹால்லேர்ந்து பெட்ரூமுக்கு ஒரு ஓட்டம், திரும்ப ஒரு ஓட்டம். மூணரை மணிக்குக் கதவைப் பிராண்டும். நாலு மணிக்கு நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்து நம்ம முகத்தையே பார்க்கும். காலைல ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. ரெண்டு மாசம் சரியா தூங்கலைன்னா, "இதை யாருக்காவது குடுத்துடலாமா"ன்னு யோசனை வந்துடும். சில பேர் யாருக்கும் குடுக்காம, தெரியாத ஒரு ஏரியாவுல விட்டுட்டு வந்துடுறாங்க.

இந்த எபிசோட்ல அந்தப் பிரச்சனையை வரலாறு வழியா பார்க்கலாம். நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். பூனை மனுஷன் வீட்டுக்குள்ள வந்ததே அந்த ராத்திரி வேலைக்காகத்தான். நடுவுல வேலையை நாம எடுத்துட்டோம். அந்த டைமிங் மட்டும் அதுகிட்ட அப்படியே இருக்கு.

சேவலைத் திட்டின பொண்ணு

முதல்ல நம்ம ஊர் சாட்சி. குறுந்தொகையில 107-ஆம் பாட்டு, மதுரைக் கண்ணனார் எழுதினது. ஒரு பொண்ணு தன் கணவனோட நிம்மதியா தூங்கிட்டு இருக்கா. சேவல் கூவி எழுப்பி விட்டுடுது. அவளுக்குக் கோபம்னா கோபம். சேவலுக்கு ஒரு சாபம் விடுறா: நடுராத்திரியில வீட்டு எலிக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற பூனைக்குட்டிக்கு நீ இரையாகணும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீர்க்கிற மாதிரி கிடந்து அவதிப்படணும்.

கவனிச்சீங்களா? தூக்கம் கெட்டுப்போச்சுன்னு புலம்புற பாட்டு இது, ஆனா அதுல குற்றவாளி சேவல். பூனை அவ கட்சி! ராத்திரி பூனை முழிச்சிருக்கிறது அவளுக்குத் தொந்தரவே இல்ல.

பாட்டுல வர்ற வார்த்தை "வெருகு". காட்டுப்பூனைன்னு உரைகள்ல அர்த்தம் சொல்வாங்க. ஆனா அது காத்திருக்கிறது வீட்டு எலிக்கு. அதாவது காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரு ஜீவன். இதே குறுந்தொகையில 139-ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் எழுதினது. அதுல சாயங்கால நேரம் வேலி ஓரமா வெருகுகள் வருது, வீட்டுக் கோழி பதறிப்போய் குஞ்சுகளைக் கூப்பிடுது. ஒரு பாட்டுல மாலை, இன்னொண்ணுல நள்ளிரவு. பூனையோட வேலை நேரத்தை நம்ம ஆட்கள் எவ்வளவு சரியா குறிச்சு வெச்சிருக்காங்க பாருங்க.

"வெருகு" இன்னைக்கும் முழுசா செத்துப்போகல. சித்த மருந்து சாப்பிட்டவங்களுக்குத் தெரியும், சூரணத்தை "வெருகடி அளவு" எடுத்துக்கச் சொல்வாங்க. விரல் நுனிகளைக் குவிச்சு அள்ளினா வர்ற அளவு அது. வெருகு அடி, பூனைப் பாதம்.

நெல்லு, எலி, பூனை

இப்போ தமிழ்நாட்டை விட்டுக் கொஞ்சம் வெளிய போவோம், ஏன்னா பூனை எப்படி வீட்டு விலங்கு ஆச்சுங்கிற கதை அங்கதான் தொடங்குது. 2007-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, உலகத்துல இருக்கிற எல்லா வீட்டுப் பூனைக்கும் மூதாதை மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிற ஒரு காட்டுப்பூனை இனம்தான்னு காட்டுச்சு. சைப்ரஸ் தீவுல ஒரு மனுஷனோட புதைகுழிக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருந்தாங்க. வயசு சுமார் 9500 வருஷம். அந்தத் தீவுல இயற்கையா பூனையே கிடையாது, அப்போ யாரோ படகுல கூட்டிட்டுப் போயிருக்கணும்.

ஏன் கூட்டிட்டுப் போகணும்? பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்ற காரணம் தானியம். மனுஷன் விவசாயம் பண்ணி தானியத்தைச் சேர்த்து வெச்சான். எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாயை நாம வேட்டைக்கும் காவலுக்கும் பழக்கினோம். பூனையை யாரும் பழக்கலை, வேலை இருக்கிற இடத்துக்கு அதுவா வந்து சேர்ந்துச்சு. எலி வெளிய வர்ற நேரம்தான் அதோட வேலை நேரம். கண்ணுக்குப் பின்னாடி ஒரு பிரதிபலிப்புப் படலம், கொஞ்சூண்டு வெளிச்சத்தையும் வீணாக்காது. இருட்டுல ஹெட்லைட் பட்டா கண்ணு பளபளன்னு மின்னுறது அதனாலதான். உடம்பு கடிகாரம் அந்திக்கும் விடியலுக்கும் செட் ஆகியிருக்கு.

இந்தியத் துணைக்கண்டத்துல பழைய தடயம்னா சிந்துவெளியோட சன்ஹுதாரோ. 1935-36-ல் எர்னஸ்ட் மக்கே அங்க தோண்டினப்போ ஒரு செங்கல் கிடைச்சுது. கல்லு ஈரமா இருந்தப்போ ஒரு பூனை அது மேல ஓடியிருக்கு, அதே இடத்துல ஒரு நாயும் மிதிச்சுட்டுப் போயிருக்கு. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்த துரத்தல், அப்படியே பதிவாகி இருக்கு.

நமக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. இ.சி.ஆர். பிடிச்சு மாமல்லபுரம் போனா, அர்ச்சுனன் தபசு சிற்பத்துல ஒரு பூனை முன்னங்காலைத் தூக்கித் தவம் பண்ணிக்கிட்டு நிக்கும். சுத்தி எலிகள். 7-ஆம் நூற்றாண்டு ஜோக் அது. பூனைக்கு உண்மையில என்ன வேணும்னு பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்சாதான் அந்த ஜோக்குக்குச் சிரிப்பு வரும்.

பிளேக் காலத்து சிபாரிசு

பூனையோட இந்த வேலைக்கு மருத்துவத்துறையிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. 1896-ல் பம்பாய்க்கு பிளேக் வந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிச்சு. எலி, எலி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி, அது வழியா மனுஷன். அப்போ இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல இருந்த ஆண்ட்ரூ புக்கானன்ங்கிற டாக்டர், பூனை நிறைய இருக்கிற இடத்துல பிளேக் குறைவுன்னு வாதம் பண்ணி, 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். பூனைக்கும் பிளேக் வரும், அதுகிட்டேர்ந்து மனுஷனுக்கும் தொத்தும்னு பிற்பாடு தெரிஞ்சுது, அதனால அந்த யோசனை முழுசா நிக்கலை. ஆனா கணக்கு பாருங்க: நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும், ராத்திரி உங்க வீட்டுல பூனை ஓடுற சத்தம் கேட்டா அது நல்ல செய்தி.

அப்புறம் என்ன மாறுச்சு? வீடு மாறுச்சு. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பழைய வீடுகளை யோசிங்க. ஓட்டுக் கூரை, முற்றம், கொல்லைப்புறம், மூட்டை மூட்டையா அரிசி. பூனை ராத்திரி கூரை மேல ஏறினா பத்து வீட்டைச் சுத்திட்டு விடிஞ்சுதான் வரும். அதோட ஓட்டம், சண்டை, வேட்டை எல்லாம் நம்ம தலைக்கு மேல, வெளிய நடந்துச்சு. தி.நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவான பேட்டை. அங்கேயும் முதல்ல தோட்டத்தோட தனி வீடுகள்தான். அதையெல்லாம் இடிச்சு ஃபிளாட் கட்டினப்போ கொல்லையும் போச்சு, கூரையும் போச்சு. அரிசி அஞ்சு கிலோ பாக்கெட்ல ஆப் வழியா வருது. எலி இல்ல. பூனை மட்டும் மூணாவது மாடியில, 900 சதுர அடிக்குள்ள, அதே உடம்பு கடிகாரத்தோட உட்கார்ந்திருக்கு. சாஃப்ட்வேர்காரங்க பாஷையில சொன்னா, சர்வரை எப்பவோ கழட்டியாச்சு, ஷெட்யூலர் மட்டும் தினமும் ராத்திரி மூணரைக்கு அந்த வேலையைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு.

அடையாறிலிருந்து ஒரு சட்டம்

சரி, அதுக்காக அதைக் கொண்டு போய் வெளிய விட்டுடலாமா? இந்தக் கேள்விக்கான சட்டத்துக்கும் நம்ம ஏரியாவுக்கும் தொடர்பு இருக்கு. 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கின ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் மாநிலங்களவைக்கு நியமனம் ஆனாங்க. விலங்குவதைக்கு எதிரா தனிநபர் மசோதா கொண்டு வந்தாங்க. அரசாங்கமே இதை எடுத்துச் செய்யும்னு நேரு உறுதி குடுத்ததால அதைத் திரும்பப் பெற்றாங்க. அதோட தொடர்ச்சியாத்தான் 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைஞ்சப்போ முதல் தலைவரும் அவங்கதான். அந்த வாரியத்தோட அலுவலகம் ரொம்ப காலம் சென்னையிலதான் இருந்தது.

அந்தச் சட்டத்தோட 11-ஆவது பிரிவுப்படி, பசியாலோ தாகத்தாலோ அவதிப்படும்னு தெரிஞ்சும், தக்க காரணம் இல்லாம ஒரு விலங்கைக் கைவிடுறது குற்றம். அசையப் போதுமான இடம் இல்லாத கூண்டுல அடைச்சு வைக்கிறதும் குற்றம். அபராதம்? முதல் தடவைன்னா 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல வருஷமா மாறாத தொகை. இன்னைக்குப் பார்த்தா அது ரொம்பச் சின்ன தொகை. அதனால நிஜத்துல அந்தப் பூனைக்கு இருக்கிற பாதுகாப்பு சட்டம் இல்ல, நாமதான். ஃபிளாட்லயே வளர்ந்த பூனைக்குத் தெருவுல நாயும் தெரியாது, வண்டியும் தெரியாது.

இங்க ஒரு சின்ன குறிப்பு. குறுந்தொகைக்கு உரை எழுதி 1937-ல் பதிப்பிச்ச உ.வே.சா. பேர்ல பெசன்ட் நகர்ல ஒரு நூலகம் இருக்கு இல்லையா, 1943-ல் அது உருவாக உதவினதும் இதே ருக்மிணி தேவிதான். எலிக்காகக் காத்திருந்த வெருகும், கைவிடக்கூடாதுன்னு சொல்ற சட்டமும் சந்திக்கிற இடம் அடையாறு.

வேலையைத் திருப்பிக் குடுங்க

இப்போ நடைமுறைக்கு வருவோம். பூனையோட இயல்பு ஒரு வரிசையில ஓடுது: வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் பண்றது, தூக்கம். நீங்க படுக்கிறதுக்கு முன்னாடி அந்த வரிசையை வீட்டுக்குள்ளயே நடத்திக் காட்டணும். ஒரு குச்சியில கயிறு, நுனியில ஒரு இறகு. எலி மாதிரி ஓட விடுங்க, ஒளிய விடுங்க, பத்துப் பதினஞ்சு நிமிஷம். கடைசியில அது பிடிச்சே ஆகணும். உடனே ராத்திரிச் சாப்பாடு. அப்புறம் லைட்டை அணைங்க.

ரெண்டாவது, நாலு மணிக்கு எழுப்பினா எழுந்து சாப்பாடு போடாதீங்க. திட்டவும் வேணாம், திட்டுறதும் அதுக்கு ஒரு பதில்தான். விட ஆரம்பிச்ச முதல் சில நாள் சத்தம் இன்னும் அதிகமாகும், அங்கதான் நிறைய பேர் தோத்துடுறாங்க. நம்ம வீடுகள்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. நாம கெட்டியா இருந்தாலும், நாலரைக்கு எழுந்து கோலம் போடப் போற பாட்டி, "பாவம்டா"ன்னு பால் ஊத்திடுவாங்க. வளர்ந்த பூனை நிறையத்துக்குப் பால் ஜீரணமும் ஆகாது. அதனால மொத்தக் குடும்பமும் ஒரே முடிவுல இருக்கணும். இல்லைன்னா, டைமர் வெச்ச ஃபீடர் ஒண்ணு வாங்கிடுங்க. பூனை உங்களை விட்டுட்டு அந்த மெஷினை எழுப்பப் போகும்.

மூணாவது, கருத்தடை. பருவத்துக்கு வந்த பூனை ராத்திரி கத்துறது விளையாட்டால தீராது. நாலாவது, பால்கனிக்கு வலை. ராத்திரி ஓட்டத்துல மாடியிலிருந்து விழுற பூனைகள் உண்டு. அஞ்சாவது, வயசான பூனை திடீர்னு ராத்திரி கத்த ஆரம்பிச்சா அதைப் பழக்கம்னு விடாதீங்க. தைராய்டு, ரத்த அழுத்தம், காது மந்தம்னு ஏதாவது காரணம் இருக்கலாம். டாக்டர் கிட்ட காட்டுங்க. வேப்பேரியில 1903-ல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, உங்க ஏரியாவுலயும் யாராவது இருப்பாங்க.

ஒரே ராத்திரியில சரியாகாது, சில வாரம் ஆகும். யாருக்காவது குடுத்துடலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்தச் சில வாரத்தை மட்டும் அதுக்குக் குடுத்துப் பாருங்க. இந்த எபிசோடைத் தூக்கமில்லாம இருக்கிற உங்க ஃபிரெண்டுக்கு அனுப்புங்க.