பேட்டெயும் தண்டும்: பெங்களூர்ப் பகுதிப் பெயர்கள் காட்டும் நகர வரலாறு

நகரப் பகுதிகளின் பெயர்களை முகவரிக்குரிய வெறுங்குறிகளாகவே மொழிபெயர்ப்பாளர் பலர் கொள்கின்றனர். ஆங்கில எழுத்தில் கண்டதைத் தமிழெழுத்தில் பெயர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். பெங்களூரைப் பொறுத்தவரை இவ்வழக்கம் அந்நகரின் வரலாற்றில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது.

பெங்களூர் நெடுங்காலம் இரு நகரங்களாக இருந்தது. கெம்பெ கௌடர் 1537-இல் அமைத்ததாகக் கூறப்படும் கோட்டை நகரின் வணிகப் பகுதி ‘பேட்டெ’. ஆங்கிலேயப் படை 1809-இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெயர்ந்து வந்து நிலைகொண்ட கிழக்குப் பகுதியைக் கன்னடர் ‘தண்டு’ என்றனர். படை என்னும் பொருளில் இச்சொல் பழந்தமிழிலும் உண்டு. 1881-இல் மைசூர் ஆட்சி உடையார் மரபினரிடம் திரும்பிய பின்னரும் தண்டு ஆங்கிலேயர் நிருவாகத்திலேயே நீடித்தது. இரண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தது 1949-இல்தான். இவ்விரு பகுதிகளின் இயல்பு வேறுபாடு அவற்றின் பெயரமைப்பில் தெளிவாகப் படிந்துள்ளது.

பேட்டெப் பகுதியின் பெயர்கள் பெரும்பாலும் சரக்கையோ தொழிற்குழுவையோ குறிப்பன. அக்கிபேட்டெ அரிசிக்குரியது, பளெபேட்டெ வளையலுக்குரியது, கும்பாரபேட்டெ குயவருக்கும் காணிகரபேட்டெ செக்காட்டுவோருக்கும் உரியவை. பருத்தியின் பெயரால் அரளெபேட்டெ என்ற கன்னட வடிவமும் காட்டன்பேட்டெ என்ற கலப்பு வடிவமும் வழங்குகின்றன. ஒப்பியல் நோக்கில் இவை சுவையானவை. கன்னட ‘பளெ’யும் தமிழ் ‘வளை’யும் இனச்சொற்கள், சொல்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாவதும், ஈற்று ஐகாரத்திற்கு நேராக எகரம் நிற்பதும் அறிந்த இயல்புகளே. சொல்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமானதையும் இங்குக் கருத வேண்டும். பள்ளி ‘ஹள்ளி’யாயிற்று, பலாவுக்கு இனமான சொல் ‘ஹலசு’வாயிற்று. பேட்டெ மட்டும் பகரத்தை இழக்கவில்லை. அம்மாற்றம் ஓய்ந்த பின்னரே இச்சொல் கன்னடத்தில் பரவியது எனக் கருத இடமுண்டு.

பேட்டெப் பெயர்களுள் திகளரபேட்டெ தனித்து நோக்கத்தக்கது. ‘திகள’ என்பது தமிழரைக் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய சொல். இப்பெயருடைய தோட்டக்கலைச் சமூகத்தார் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது மரபுவழிக் கருத்து. தர்மராயர் கோயிலில் திரௌபதியம்மனுக்கு இவர்கள் எடுக்கும் கரக விழா இன்றும் நகரின் பெருவிழா. பெங்களூர்த் தமிழ்த் தொடர்பு முழுவதையும் தண்டின் வரவோடு தொடங்கும் வழக்கத்தைத் திருத்த இவ்வொரு பெயரே போதும்.

தண்டுப் பகுதியின் நிலை வேறு. சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், கட்டடத் தொழிலாளர், வணிகர் எனத் தமிழர் பலர் படையைத் தொடர்ந்து வந்தனர். ஆங்கில நிருவாகத்தின்கீழ் அமைந்த தெருப்பெயர்களில் தமிழ் அப்படியே உறைந்து நிற்கிறது. மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு போன்றவற்றின் ஆங்கில வடிவத்திலும் ‘கோயில்’ மொழிபெயர்க்கப்படவில்லை. பேட்டெயில் தர்மராயர்; தண்டில் தர்மராஜா. தெய்வம் ஒன்று, பெயரோ இரண்டு நகரங்களுக்குரியது. ஹலசூரு ஆங்கிலத்தில் ‘அல்சூர்’ ஆனதும் இங்கு எண்ணத்தக்கது. ஹகரம் இழந்த அவ்வடிவம் தமிழர் ஒலிப்பிற்கே நெருக்கமானது. ஆங்கில அதிகாரிகளின் பெயர் தாங்கிய பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் முதலியன பின்னர் எழுந்த குடியிருப்புகள்.

1898-இன் கொள்ளைநோயை அடுத்து நெரிசல் குறைக்க வளர்க்கப்பட்ட மல்லேசுவரமும் பசவனகுடியும் கோயில்களால் பெயர் பெற்றன. பசவனகுடி தமிழருக்கு ஒரு பொறி. காரைக்குடி, மன்னார்குடி ஆகியவற்றின் நினைவில் அதைப் ‘பசவனின் குடியிருப்பு’ எனக் கொள்வது எளிது. கன்னட ‘குடி’ அங்குக் கோயிலையே குறிக்கிறது. பசவனகுடி என்பது நந்தி கோயில். மூலம் ஒன்றாயினும் பொருள் பிரிந்துவிட்டது.

பளெபேட்டெ தமிழ் எழுத்துகளில் ‘பேல்பெட்’ எனவும் ‘பாலேபேட்’ எனவும் திரிவதற்குக் காரணம் ஆங்கில எழுத்துக்கூட்டலை இடைத்தரகாக்குவதே. கன்னட எழுத்து வடிவத்தை நேரே நோக்கினால் இப்பிழை நேராது. பெயர் மாற்றங்கள் இன்னொரு சிக்கல். பிளாக்பள்ளி இன்று சிவாஜி நகர். ‘பிளி அக்கி பள்ளி’, அதாவது வெள்ளரிசிப் பள்ளி, ஆங்கிலேயர் வாயில் கறுப்பாயிற்று என்பது செவிவழி விளக்கம். நாட்டார் சொற்பிறப்பு என்ற அளவிலேயே அதைக் கொள்ள வேண்டும். ஆயினும் அப்பெயர் வழங்கிய காலத்து நூலொன்றைப் பெயர்ப்பவர் அங்குச் சிவாஜி நகர் என எழுதுவது காலவழுவாகும். பழம்பெயரை மூலத்தில் உள்ளவாறே நிறுத்தி, இன்றைய பெயரை அடிக்குறிப்பில் தருவதே முறை.