ஏம் கூர?

எங்கள் பள்ளிப்பட்டில் என் வயதுக்காரர்கள் சாயங்காலம் சந்தித்தால் முதலில் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவதில்லை. "ஏம் கூர?" என்றுதான் கேட்போம். இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று அர்த்தம். கேள்வி தெலுங்கு. பதில் பெரும்பாலும் தமிழில் வரும். "புளிச்சக்கீரை கடைஞ்சாங்க, தொட்டுக்க கருவாடு." உடனே இன்னொருவர் தெலுங்கில் பெருமூச்சு விடுவார்.

தெற்கே இருந்து இங்கே மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தாவிடம் ஒருமுறை யாரோ இதைக் கேட்டுவிட்டார்கள். கூரையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "ஓட்டு வீடுதான் சார், மழைக்குக் கொஞ்சம் ஒழுகுது" என்றார் பாவம். ரிட்டையர் ஆகிப் போகும்வரை அவருக்கு 'ஓட்டு வீடு' என்றே பெயர்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. என் தாத்தா பிறந்தபோது இது வடஆற்காடு மாவட்டம். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானதும் நாங்கள் அதற்குள் போனோம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது, சித்தூரோடு நாங்களும் போனோம். 1956 நவம்பரில் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்த்து எங்களைச் சென்னை மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், இந்தமுறை செங்கல்பட்டு மாவட்டம். 1969இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. என் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவே இல்லை. முக்கியமானதெல்லாம் ஏன் முட்டாள்கள் தினத்தில் நடக்கிறது என்று மட்டும் கேட்பார்.

வடக்கெல்லைக்காக ம.பொ.சி.யும் திருத்தணிப் பக்கத்தில் மங்கலங்கிழாரும் பாடுபட்டது எல்லோருக்கும் தெரியும். பிறகு படாஸ்கர் வந்து, கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழிக்காரர் அதிகம், எல்லையை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார். திருப்பதியும் நகரியும் புத்தூரும் அங்கேயே தங்கின. சத்தியவேடு இங்கிருந்து அந்தப் பக்கம் போயிற்று. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. திண்ணையில் நடந்தது இல்லை.

அப்பாவின் கூட்டாளிகளில் இரண்டு பேர் நெருக்கம். ஒருவர் தமிழ்க்காரர், எனக்குப் பெரியப்பா முறை. எல்லைப் போராட்டக் கூட்டம் எங்கே நடந்தாலும் போவார். இன்னொருவர் தெலுங்குக்காரர், மாமா என்று கூப்பிடுவேன். கூட்டம் எதற்கும் போகமாட்டார், ஆனால் வீட்டில் தெலுங்குப் பேப்பர் வாங்குவார். ஒருநாள் திண்ணையில் வாக்குவாதம் முற்றி, "அப்படின்னா நீ நகரிக்கே போயிடு" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வரவில்லை. மணி என்ற எங்கள் நாய் மட்டும் பழக்கத்தில் அவர் வீடுவரை போய்த் திரும்பி வரும். "வா" என்றாலும் வரும், "ரா" என்றாலும் வரும்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மாமா வீட்டுப் பசு கன்று போட்டது. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் கொடுத்தார். உள்ளே சீம்பால், வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டியது. நாங்கள் அதையும் ஜுன்னு என்றுதான் சொல்வோம். "பெரியப்பா வீட்ல குடுத்துட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லாதே" என்றார். பெரியப்பா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் வேறு எந்த மாடும் கன்று போடவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் பாதியைச் சாப்பிட்டு, தூக்கைத் தானே கழுவி, அதில் வறுத்த வேர்க்கடலை போட்டுக் கொடுத்தனுப்பினார். வழியில் நான் எடுத்துத் தின்றது ஒரு கை. இரண்டு கையாகவும் இருக்கலாம்.

அன்று சாயங்காலம் மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "ஏம் கூர?" என்று கேட்டது பெரியப்பா.

1960இல் எல்லை மாறிய அன்று அந்தத் திண்ணையில் என்ன பேசினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாங்காய் ஊறுகாய் நினைவுதான் வருகிறது.

மாமாவின் பேரனுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நகரியில் பஸ் போர்டைப் பார்த்து யாரையாவது கேட்கிறான். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006இல் சட்டம் வந்தபோது எங்கள் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் சட்டம் வராமலிருந்தாலும் இங்கிலீஷ் மீடியம் அந்த வேலையைச் செய்திருக்கும்.

டீக்கடை பெஞ்சில் இப்போது நாங்கள் மூன்று பேர். ஒரு செம்மி நாய் வந்து படுத்துக்கொள்கிறது. பையன்கள் அதை "கம், கம்" என்று கூப்பிடுகிறார்கள். பொறை கையில் இருந்தால் அதற்கும் வருகிறது.