நடுக்குவாத அறுவை சிகிச்சை

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் முற்றி, மாத்திரைகள் சரிவரக் கைகொடுக்காத நிலையில் மூளையில் செய்யப்படும் சிகிச்சைகள் பல. இவை நோயைப் போக்குவதில்லை, வளரவிடாமல் தடுப்பதுமில்லை. நடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் அசைவு மந்தத்தையும் தணிக்கின்றன, அவ்வளவுதான்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்தார். அறுவை முயற்சிகள் தொடங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1930களில் அமெரிக்காவில் பால் பியூசி, உடலசைவை ஆளும் மூளைப் புறணியை வெட்டியெடுத்தார். நடுக்கம் நின்றது, கூடவே நடுங்கிய கையும் செயலிழந்தது. மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்புமுடிச்சுகளில் அறுத்தால் வாதம் வராமலே நடுக்கத்தைக் குறைக்கலாம் என்று 1939 முதல் ரஸ்ஸல் மையர்ஸ் காட்டினார். ஆனால் மண்டையைத் திறந்து அவ்வளவு ஆழம் போனதில் பலர் இறந்தனர்.

இந்த ஆபத்தைக் குறைத்தது ஒரு சட்டகம். 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் அதை மனிதத் தலையில் பொருத்தினர். எக்ஸ்ரே படத்தை வைத்து மூன்று திசைகளிலும் அளவெடுத்து, சிறு துளை வழியே ஊசியைக் குறித்த இடத்துக்கு அனுப்ப முடிந்தது. எந்த இடத்துக்கு என்பதற்கான ஒரு துப்பு விபத்தாகவே கிடைத்தது. 1952இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் செய்த அறுவையின்போது ஒரு சிறு தமனி கிழிந்தது. அதைக் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டு, அறுவையைப் பாதியில் கைவிட்டார். கண்விழித்த நோயாளிக்கு நடுக்கமும் இல்லை, வாதமும் இல்லை. அந்தத் தமனி ரத்தமூட்டிய பகுதியே துப்பானது. பின்னாளில் கூப்பர் திரவ நைட்ரஜனால், மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸின் ஒரு பகுதியை உறையவைத்து அழித்தார். சென்னையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் சட்டக அறுவையை வளர்த்தனர்.

1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபா மருந்தின் பலனை நிறுவியதும் அறுவை அரங்குகள் வெறிச்சோடின. சில ஆண்டுகளில் மருந்தின் மறுபக்கம் தெரிந்தது: அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே உடல் கட்டிப்போகும், மாத்திரை வேலை செய்யும் நேரத்திலோ கைகால்கள் தாமாக நெளியும். லெக்செல் 1950களில் ஆழ் நரம்புமுடிச்சில் செய்த பழைய அறுவையை ஸ்வீடனில் லைட்டினன் 1992இல் மீட்டெடுத்தது இதனால்தான்.

அதற்குள் பிரான்சின் கிரெனோபிளில் வேறொரு வழி பிறந்திருந்தது. தாலமஸின் ஒரு பகுதியைச் சுட்டு அழிக்குமுன் இடம் சரியா என மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது வழக்கம். நொடிக்கு நூறு துடிப்பளவில் பாய்ச்சினால் நடுக்கம் அடங்குவதை 1987இல் அலிம்-லூயி பெனபித் கவனித்தார். அப்படியானால் சுடுவானேன்? மின்கம்பியை உள்ளேயே விட்டுவைத்தார். தாலமஸுக்குக் கீழுள்ள சப்தாலமிக் கரு என்ற நரம்புத் திரளை அழித்தால் நோய்க்குறிகள் குறைவதை 1990இல் அமெரிக்காவில் குரங்குகளிடம் கண்டிருந்தனர். 1993இல் பெனபித் குழு மனிதரில் அதே இடத்தைத் தூண்டியது.

ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இம்முறையில் நோயாளி பெரும்பாலும் விழித்தேயிருப்பார். கம்பி நுழையும்போது தாளில் சுருள் வரையச் சொல்வார்கள். கோணலாக ஓடிய கோடு சட்டென்று சீராவதை அவரே பார்ப்பார். கம்பியின் மறுமுனை தோலடியே இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரியில் சேரும். சாதாரண பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரத்தக்கசிவு, தொற்று, பேச்சுக் குழறல் ஆகியவை இதன் அபாயங்கள். பொதுவாக லெவோடோபாவுக்கு உடல் நன்கு இணங்குபவர்களுக்கே இது நன்றாகப் பலிக்கும். மறதி முற்றியவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை.

இன்னொரு வழியாக, சிசுக்கருவின் திசுவை மூளையில் நடும் முயற்சி ஸ்வீடனின் லுண்டில் 1987இல் தொடங்கியது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பலன் குறைவாகவே இருந்தது; சிலருக்குக் கட்டுக்கடங்காத நெளிவு வந்தது. எதிர்பார்ப்பு அத்துடன் தணிந்தது.

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மண்டையைத் துளைக்காமலே ஒலியலைகளைக் குவித்துச் சுடும் முறைக்கு, நடுக்கம் மேலோங்கிய நோயாளிகளுக்காக 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கம்பியும் பேட்டரியும் வேண்டாம். ஆனால் தூண்டலைப் போல அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, சுட்டது சுட்டதுதான். அதனால் முதலில் ஒரு பக்கத்தில் மட்டும் செய்கிறார்கள்.