சிறு குழந்தைகளின் குடல்வால் அழற்சி

பெருங்குடலின் தொடக்கத்தில், வலது அடிவயிற்றில், சிறு விரல்போல் தொங்கும் குழாய் குடல்வால். அதன் உட்புறம் அடைபட்டு, கிருமிகள் பெருகி வீங்குவதே குடல்வால் அழற்சி, பேச்சுவழக்கில் அப்பெண்டிசைட்டிஸ். 10 முதல் 20 வயதுக்குள் மிகுதியாக வரும் இந்நோய் 5 வயதுக்குக் கீழே குறைவு, பச்சிளங் குழந்தைகளிடம் மிக அரிது. பிறந்த குழந்தையின் குடல்வாலுக்குப் புனல்போல் அகன்ற வாய் இருப்பதால் அது எளிதில் அடைபடாது. வீங்கி அடைப்பை உண்டாக்கும் நிணநீர்த் திசுவும் அப்போது கொஞ்சமே.

அரிதாக வந்தாலும் கடுமையாக வரும். 3 வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, நோய் இன்னதென்று தெரியும் முன்பே குடல்வால் கிழிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வயிற்றினுள் தொங்கும் கொழுப்புத் திரையான வபை, புண்பட்ட இடத்தைப் போர்த்திச் சீழை அங்கேயே நிறுத்தும். குழந்தையின் வபை குட்டையானது, மெல்லியது. சீழ் தடையின்றி வயிறெங்கும் பரவும்.

நோயைக் கண்டறிவதில் நேரும் தாமதத்துக்கு முதன்மைக் காரணம், குழந்தையால் சொல்ல முடியாமையே. தொப்புளருகே தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி என்ற பாடநூல் அடையாளத்தை 2 வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்க முடியாது. கேட்டால் தொப்புளைத் தொட்டுக் காட்டும், அல்லது அழும். வாந்தி, காய்ச்சல், வயிற்று உப்புசம், காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருத்தல், தூக்கினால் அலறுதல், சில வேளை வலது காலைத் தாங்கித் தாங்கி நடத்தல் ஆகியவையே அதன் பேச்சு. அடிவயிற்றில் தேங்கும் சீழ் மலக்குடலை உறுத்துவதால் பேதியும் போகலாம். அதனாலேயே இது சாதாரண வாந்திபேதி என்று தவறாகக் கருதப்படுகிறது.

வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் 'குடல் ஏற்றம்' என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும் தமிழகத்தில் பழகிய வைத்தியம். அன்பினால் செய்வதுதான் என்றாலும், வீங்கிய குடல்வால் உள்ள வயிற்றில் இவை இரண்டும் ஆபத்தானவை.

அனுபவமுள்ள மருத்துவர் தாய்மடியில் அமர்த்தியோ, குழந்தை உறங்கும்போதோ வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதல் பரிசோதனை. குளுக்கோஸ் கலந்த உப்பு நீரும் ஆன்டிபயாடிக்கும் ரத்தக்குழாய் வழியே செலுத்தி, குடல்வாலை அகற்றுவார்கள். பெரும்பாலும் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில். பதிவான முதல் வெற்றிகரமான குடல்வால் அறுவையும் ஒரு சிறுவனுக்கே நடந்தது. 1735இல் லண்டனில் க்ளாடியஸ் அம்யாண்ட், குண்டூசி துளைத்திருந்த குடல்வாலை 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கப் பையிலிருந்து நீக்கினார். மயக்க மருந்து இல்லாத காலம். சிறுவன் பிழைத்துக்கொண்டான்.