காரணமில்லாமல் உட்கார ஓர் இடம்

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ரயில் நிலையத்தின் பெயர் பார்க். அந்த வட்டாரத்தின் பெயர் பார்க் டவுன். பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன, பூங்கா அநேகமாக இல்லை.

1859இல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் திட்டமிட்ட பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர் கொண்டது. குளங்கள், பாதைகள், பாண்டு மேடை எல்லாம் இருந்தன. எழும்பூர் மியூசியத்து மிருகக்காட்சி சாலையும் பின்னர் அங்கே வந்தது. ஆண்டு முடிவில் கூடிய பொருட்காட்சியில் 1886 டிசம்பர் 31 அன்று பற்றிய தீ நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. ஆனால் பூங்காவை அழித்தது தீ அல்ல. 1880களில் விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், பிறகு ஸ்டேடியம் என்று நிலம் போயிற்று. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. மிருகங்கள் வண்டலூருக்குப் போயின.

பூங்காவைத் தின்றவை எல்லாமே பொது நன்மைகள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மண்டபத்துக்கும் சந்தைக்கும் ஒரு காரணம் சொல்லலாம். மரத்தடியில் சும்மா இருக்கும் மனிதனுக்காக எந்தக் கமிட்டியில் யார் வாதாடுவார்கள்?

ஷாங்காயில் சரித்திரம் எதிர்த்திசையில் நடந்தது. ஆற்றங்கரையில் 1868இல் திறந்த பொதுப் பூங்காவுக்குள், வெள்ளைக்காரர்களோடு வரும் வேலையாட்கள் தவிர, சீனர்கள் நுழைய முடியாது. சொந்த நகரத்தில், வரி கட்டிக்கொண்டு, 1928 வரை வெளியே நின்றார்கள். வெள்ளையரின் குதிரைப்பந்தய மைதானத்தில் ஒரு பகுதி 1952இல் மக்கள் பூங்கா ஆயிற்று. நாம் இழந்த அதே பெயர். இன்று அங்கே கிழவர்கள் சீட்டாடுகிறார்கள். வார இறுதியில் பெற்றோர்கள் பிள்ளைகளின் வயது, உயரம், சம்பளம் எழுதிய தாளை விரித்த குடையில் ஒட்டி வைத்து வரன் தேடுகிறார்கள். அரசு போட்ட திட்டத்தில் இது இருந்திருக்காது. இடம் இருந்தது, ஜனங்கள் தங்கள் வாழ்வைக் கொண்டுவந்து அதில் வைத்தார்கள்.

இரணியலில் உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. கோயில் நடை, குளத்துப் படி, ஆலமூட்டுத் திண்டு, கடைத் திண்ணை. ஆனால் இவை ஒவ்வொன்றும் உட்கார்ந்தவனிடம் எந்த வீடு, யார் மகன் என்று கேட்கும். கேள்வியின் உள்ளர்த்தம் நம் எல்லோருக்கும் தெரியும். கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே வைக்கத்தில் 1924இலும், பக்கத்துச் சுசீந்திரத்தில் 1926இலும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அன்று இரணியலும் திருவிதாங்கூர்தான். நடப்பதற்கே இப்படியென்றால், காரணமின்றி உட்காரும் உரிமையை அற்ப சுகம் என்று ஒதுக்க முடியாது. பூங்கா பெஞ்சு வம்சம் விசாரிப்பதில்லை. அதில் கிடைக்கும் ஆனந்தத்தில் பாதி, பெயரற்று இருக்கும் ஆனந்தம். அதை அயல் ரசனை என்று பழிப்பவர்கள் பெரும்பாலும் திண்ணை சொந்தமாக உள்ளவர்கள்.

2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி குதிரைப்பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்தது. பெரும்பகுதியில் பூங்கா அமைப்பதாகவும் அறிவித்தது. எழுபது வருஷம் கழித்து ஷாங்காயின் வழி. நல்லது. பூங்கா அமைந்தபின் அடுத்த பொது நன்மை வந்து கதவைத் தட்டும். அப்போது, சும்மா இருப்பதற்காகத்தான் இந்த இடம் என்று சொல்ல யாராவது இருக்க வேண்டும்.