பெங்களூரு நாட்டுப்புறத்து அந்தியும் ஒளிப்படக் கலையும்

பெங்களூருவில் ஒளிப்படக் கருவி 1850-களிலேயே புழங்கத் தொடங்கிவிட்டது என்றாலும், ஊரைச் சூழ்ந்த ஏரிக்கரைகளிலும் கேழ்வரகுக் கொல்லைகளிலும் கவியும் அந்தி வானத்தைப் படத்தில் நிறுத்துவதற்கு அதன்பின் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. வேதியியல் அதற்கு இடந்தராததே முதன்மைக் காரணம். மதராஸ் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்ற அதிகாரி 1854-இல் பெங்களூருவில் தங்கியிருந்து, அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்து, மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் வைத்தார். அவர் கையாண்டது மெழுகுத்தாள் முறை, அதாவது மெழுகு ஊட்டிய தாளில் வெள்ளி உப்புகளை ஏற்றி அதையே நெகடிவாகப் பயன்படுத்தும் முறை. அத்தாள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவும் இசைவதால், பகல் வானம் பிரிண்டில் வெறும் வெள்ளையாக வெளிறிப்போனது. செவ்வானமோ தாளில் பதியவே மறுத்தது. இக்குறையை ஈடுசெய்ய டிரைப் தம் நெகடிவுகள் பலவற்றில் தூரிகையால் மேகம் தீட்டினார் என்பதும், அவர் படங்களில் மிதக்கும் மேகங்களிற் சில எந்த வானத்திலும் மிதந்தவை அல்ல என்பதும் இன்று ஆய்வாளர்கள் உறுதிசெய்துள்ள செய்திகள். அதை ஏமாற்று என்று சொல்வது பொருந்தாது. கண் கண்டதைத் தாள் காணாதபோது கையால் நிரப்பிய கைவினைஞரின் நேர்மையான முயற்சி அது.

வேதியியலின் இந்த எல்லை 1883-இல் மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் கிரகடோவா எரிமலை வெடித்துத் தூசி வான் மண்டலத்தில் பரவ, செப்டம்பரில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தோன்றியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதன் ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்தாய்ந்தார். யாரும் எதிர்பாராத அந்த வானத்தின் நிறத்தைப் பிடித்துவைக்க அன்றைய ஒளிப்படத்துக்கு வழியில்லாததால், லண்டனின் ராயல் சொசைட்டி 1888-இல் வெளியிட்ட அறிக்கை வில்லியம் ஆஸ்கிராஃப்ட் வண்ணக்கட்டியால் வரைந்த அந்தி ஓவியங்களையே நாடியது. சாயம் கலந்தால் ஒளிப்படத் தட்டுகள் பிற நிறங்களுக்கும் இசையும் என்பதை வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873-இலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் எல்லா நிறங்களுக்கும் இசையும் பேங்க்ரோமாடிக் தட்டு 1906-இல்தான் கடைக்கு வந்தது. அதன் பிறகே செவ்வானம் கருப்பு வெள்ளைப் படத்தில் உரிய சாயலோடு பதியலாயிற்று.

பெங்களூருவின் அந்தி, படமெடுப்பவரை அவசரப்படுத்தும் இயல்புடையது. ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலமாக அமைந்திருக்க, ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை கொட்டுகிறது. மழை விலகும்போது மேற்கே அடிவானத்தில் ஓர் இடைவெளி திறந்தால், அதுவரை நம்பிக்கையற்றுச் சாம்பல் பூத்திருந்த வானம் சில நிமிடங்களில் கீழிருந்து தீப்பற்றியது போலாகிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்குகிறது: வட்டம் அடிவானத்தைத் தொட்டு மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும்; அதன்பின் பொருள்கள் தெளிவாகத் தெரியும் வெளிச்சம் ஏறத்தாழ 21 நிமிடமே நிற்கும். லண்டனில் இளவேனிலில் அது 33 நிமிடம் என்பதை நினைத்தால், ஆங்கிலக் கையேடுகளைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே எவ்வளவு விரைந்து செயல்பட வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓ. சி. எட்வர்ட்ஸ், மருத்துவரான ஜி. தாமஸ், சி. ராஜகோபால் முதலியோர் பெங்களூருவில் ஒரு வலுவான மரபை உருவாக்கினர். ஓவியத்துக்குரிய ஒழுங்கையும் சாயலையும் ஒளிப்படத்தில் நாடிய அம்மரபு பிக்டோரியலிசம் எனப்பட்டது. நடுவர்கள் படங்களைத் தெரிந்தெடுக்கும் சலோன் என்னும் கண்காட்சிகளே அதற்குக் களம். மாலையில் வீடு திரும்பும் மாடுகள் கிளப்பும் புழுதியினூடே சாய்ந்து வரும் வெயில் இவர்களுக்கு மிகவும் உகந்த பொருளாயிற்று. எட்வர்ட்ஸிடம் பயின்ற தமிழரான டி. என். ஏ. பெருமாள் பின்னாளில் காட்டுயிர்ப் படங்களால் உலகப் புகழ் பெற்றார்.

120 ஃபிலிம் சுருளில் சதுரப் படமாக 12 மட்டுமே எடுக்க முடிந்த அக்காலத்தில், எதிர்பாராமல் வானம் சிவக்கும்போது சுருளில் எத்தனை படம் மிஞ்சியிருக்கிறது என்பதே முதற் கவலை. லென்சின் முன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டரைப் பொருத்தினால் நீலம் கருத்து மேகம் எடுத்துத் தெரியும். எனினும் பாதி வேலை இருட்டறையில்தான் நடந்தது: படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் ஒளி தாளில் விழும்போது, நிலப்பகுதியைக் கையாலோ அட்டையாலோ மறைத்துக்கொண்டு வானத்துக்கு மட்டும் கூடுதல் விநாடிகள் ஒளி கொடுத்தனர். மறைக்கும் கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும்; நின்றால் தாளில் கோடு விழும். டிரைப் தூரிகையால் செய்ததை இவர்கள் நிழலால் செய்தனர் எனலாம்.

வண்ண ஃபிலிம் இறக்குமதிப் பொருளாக, விலை மிக்கதாக இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ கருப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் எளியவர்க்குக் கைகொடுத்தன. 1971-இல் தோன்றிய யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி அடுத்த தலைமுறையை நந்தி மலைக்கும் ஹெசரகட்டாப் புல்வெளிக்கும் அழைத்துச் சென்றது.

சலோன் படங்களுக்குக் கவித்துவமான தலைப்பு இடப்பட்டதே தவிர, இடமும் நாளும் பெரும்பாலும் குறிக்கப்படவில்லை என்பது வரலாற்றாளருக்கு உண்மையான இழப்பு. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகவும் சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் மாறிவிட்ட ஊரில், பழைய அந்திப் படமொன்றில் மின்னும் நீர்ப்பரப்பு எந்த ஏரியினுடையது என்பதை, பின்னணியில் தெரியும் குன்றின் வடிவத்தையும் சூரியன் இறங்கும் திசையையும் பழைய நில அளவை வரைபடங்களோடு ஒப்பிட்டே இனிக் கண்டறிய வேண்டியுள்ளது.