குத்துச்சண்டையும் கணக்குப் புத்தகமும்

1975-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி, ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுக்களில் வென்ற செய்தியை நம்மிடையே பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வர். அந்த அலிக்கே சேரவேண்டிய பணம், ஐந்து வருஷங்கள் கழித்துக் குறைத்துக் கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. குறைத்தவர் டான் கிங் என்னும் அமெரிக்கப் பந்தய ஏற்பாட்டாளர்.

இவர் 1931-இல் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். வாலிபத்தில் சட்ட விரோதமான எண் சூது நடத்திப் பொருள் ஈட்டினார். 1966-இல், தமக்குக் கடன்பட்டிருந்த ஒருவனை நடுத்தெருவில் அடித்துக் கொன்றார். கடன் 600 டாலர்! ஜூரிகள் கொலைக் குற்றமென்றனர். நீதிபதியோ அதனைக் குறைத்தார். ஏறக்குறைய நான்கு வருஷம் சிறையிலிருந்து 1971-இல் வெளிவந்தவர், 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் அலிக்கும் போர்மனுக்கும் ஆளுக்கு 50 இலட்சம் டாலர் பேசிப் பந்தயம் நடத்தினார். அவரது துணிவை எவரும் மறுத்தற்கில்லை.

1980-இல் ஹோம்ஸிடம் அலி தோற்றார். பேசிய தொகை 80 இலட்சம் டாலர். அதில் 10 இலட்சத்துக்கு மேல் குறைந்தது. அலி வழக்குத் தொடர்ந்தார். உடல் தளர்ந்திருந்த அவரிடம், ஒரு பழைய நண்பர் 50,000 டாலர் ரொக்கத்தோடு சென்று கையெழுத்து வாங்கினார். வழக்கு அத்தோடு முடிந்தது.

அரசாங்கமும் சும்மாயிருக்கவில்லை. வருமான வரி வழக்கில் 1985-இலும், இன்ஷூரன்ஸ் மோசடி வழக்கில் 1998-இலும் ஜூரிகள் இவரைக் குற்றமற்றவரென விடுவித்தனர். ஆகையால் அவற்றைப்பற்றி நாம் வேறு சொல்லுதல் நியாயமன்று.

நான் ஆபீசில் சம்பளப் புத்தகம் எழுதுபவன். ஆதலின் என் கண் டிம் விதர்ஸ்பூன் என்னும் வீரரின் கணக்கிலேயே நிற்கின்றது. 1986-இல் லண்டனில் பிராங்க் புரூனோவை வீழ்த்திய உலக வீரர் அவர். தோற்ற புரூனோவுக்குச் சுமார் 9 இலட்சம் டாலர். வென்றவர் கைக்கு வந்ததோ சுமார் 90,000! எப்படியென்று கேட்பீர்கள். வீரருக்காக வாதாடி விலையை உயர்த்தவேண்டியவர் அவருடைய மானேஜர். அந்த மானேஜர் கிங்கின் வளர்ப்பு மகன். நெவாடா விதி மூன்றில் ஒரு பங்கையே மானேஜருக்கு அனுமதித்திருக்க, அவர் எடுத்ததோ பாதி. பயிற்சிக் கூடமும் கிங்குடையதே. அதன் செலவும் வீரர் தலையில். கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே குடும்பமாயின், கழிவுப் பத்தியை எவர் சரிபார்ப்பார்? தொகையைக் கூட்டிப் பார்த்தால் பிழையே தெரியாது. கீழே வீரரின் கையெழுத்தும் இருக்கும். விதர்ஸ்பூன் வழக்காடிச் சுமார் 10 இலட்சம் டாலர் பெற்றார். ஆனால் அதற்குள் அவரது நல்ல வருஷங்கள் போய்விட்டன.

2000-இல் அமெரிக்கக் காங்கிரஸ், அலியின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றிற்று. ஏற்பாட்டாளர், மானேஜரின் வருமானத்தில் பங்கு கொள்ளலாகாது. பந்தயத்தில் தமக்கு வரும் தொகையையும் வீரரிடமிருந்து பிடிக்கும் செலவையும் வீரருக்கு வெளியிடவேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள்.

மைக் டைசன் 1998-இலேயே 10 கோடி டாலர் கேட்டுக் கிங்மீது வழக்கிட்டிருந்தார். 2003-இல் டைசன் திவாலானார். மறு வருஷம் 1 கோடி 40 இலட்சத்துக்கு வழக்கு ராஜியாயிற்று. அப்பணமும் பெரும்பாலும் கடன்காரர்களுக்கே போய்ச் சேர்ந்தது.